மெய்மந்தில் எத்தனை பேர்?

உலகப் பாரம்பரியத் தலங்களைப் பற்றிய சிறுவர் தொகுப்பு ஒன்றில் ஈரான் பகுதி என் பொறுப்புக்கு வந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் அமைவிடம், மக்கள்தொகை என இரண்டு வரிகள் கட்டாயம். பெர்சிபொலிஸ் பாழடைந்த நகரம்; அங்கே தலை எண்ணும் வேலையே இல்லை. திண்டாட்டம் மெய்மந்தில்தான் தொடங்கியது. மென்பாறையைக் குடைந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் வாழும் பாரசீகக் கிராமம் அது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பெயரை வைத்துத் தேடினால் ஃபார்ஸ் மாகாணத்து மெய்மந்த் வந்து நிற்கிறது. அது ரோஜாப் பன்னீருக்குப் பேர்போன நகரம். நமக்கு வேண்டியதோ கெர்மான் மாகாணத்தில், ஷாரே பாபக் நகருக்கு வடகிழக்கே மலைப்பள்ளத்தாக்கில் இருக்கிறது. நம்மூரில் 'புதூர்' என்று மட்டும் சொல்லி ஆட்டோ ஏறுவதைப் போன்ற கதைதான். ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு, ஏறத்தாழ 30° 10′ வடக்கு, 55° 22′ கிழக்கு என்ற ஆயத்தொலைவைப் பிடித்துக்கொண்டேன். அமைவிடம் முடிந்தது.

மக்கள்தொகைக்கு ஈரானின் நிர்வாக ஏணியில் இறங்க வேண்டும்: ஒஸ்தான் (மாகாணம்), ஷாரெஸ்தான் (மாவட்டம்), பக்ஷ் (வட்டம்), தெஹெஸ்தான், கடைசியில் கிராமம். தெஹெஸ்தான் என்பது சில பல கிராமங்களைச் சேர்த்த ஊரகத் தொகுதி. இங்கே அதன் பெயரும் மெய்மந்த் என்பதால், கிராமத்தின் எண் என்று தொகுதியின் எண்ணை எடுத்துப் போட்டுவிடும் ஆபத்து உண்டு.

எனக்குக் கிடைத்த கணக்கெடுப்புக் கோப்பு முழுவதும் பாரசீகத்தில். ஊர்ப் பெயரை உள்ளிட்டால் 'இல்லை' என்றது; கண்ணால் உருட்டிப் பார்த்தால் இருந்தது. காரணம் 'ய' எழுத்து. அரபு யாவும் பாரசீக யாவும் சொல்லின் நடுவே ஒன்றுபோலவே தெரிந்தாலும் கணினிக்கு இரண்டும் வேறு வேறு குறியீடுகள். கோப்பில் அரபு யா இருந்தது, என் விசைப்பலகையில் பாரசீக யா. பாரசீகக் கோப்புகளில் தேடுகிறவர்கள் இரண்டு வடிவத்திலும் தேடிப் பாருங்கள். எண்களில் 4, 5, 6 அரபு வடிவத்திலிருந்து மாறுபடும் என்பதையும் கவனியுங்கள். ஆண்டு ஈரானிய நாட்காட்டிப்படி 1385 என்றிருக்கும். 621 கூட்டினால் 2006.

கடைசியில் கிடைத்தது: 673 பேர், 181 குடும்பங்கள்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மெய்மந்த் மக்கள் ஆண்டு முழுவதும் மெய்மந்தில் இருப்பதில்லை. குளிர்காலம் கழியும்போது ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே சமவெளிப் பக்கத்து முகாம்களுக்குப் போகிறார்கள். கோடையில் ஓடைக்கரைத் தோட்டங்களை ஒட்டிய குடியிருப்புகள். குளிர் தொடங்கும்போதுதான் குகை வீடு. 2006 கணக்கெடுப்பு அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. அதாவது அவர்கள் வீடு திரும்பும் பருவம். மே மாதத்தில் போய் எண்ணினால் இந்தக் கிராமத்தில் எத்தனை தலை தேறும்? ஆள் இல்லாத ஊர் என்று எழுதினாலும் தப்பு, 673 பேர் அங்கேயே குடியிருக்கிறார்கள் என்று எழுதினாலும் தப்பு. இரண்டில் சிறிய தப்பு இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு.

'673 (2006 இலையுதிர்காலக் கணக்கெடுப்பு, மக்கள் பருவந்தோறும் இடம்பெயர்வர்)' என்று எழுதி அனுப்பினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று பதிப்பாசிரியர் 'இலையுதிர்கால' என்பதை வெட்டினார். இடம்பெயர்வு வரியை மட்டும் வாதாடி மீட்டேன். சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கிறது.