வாய்விட்டுப் படித்த நாவல்

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எங்கள் வாசகர் வட்டம் எடுத்துக்கொண்டபோது, ஒரு மாதத்தில் படித்து, மறு மாதக் கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். முடிக்க எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதங்களில் நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் சில நாட்களாகவே மனத்தில் இருந்துவருகிறது.

திருச்சியில், நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை கூடுகிறோம். மொத்தம் 11 பேர். முதல் கூட்டத்தன்று பாதி நாவலைத் தாண்டியிருந்தவர்கள் மூவர் மட்டுமே. மற்றவர்கள் தொடக்க அத்தியாயங்களிலேயே நின்றுவிட்டிருந்தார்கள். மருந்துக்கடை நடத்தும் நண்பர், “தமிழ் நாவல் ஒன்றைப் படிக்க எனக்கு அகராதி தேவைப்படுவது இதுதான் முதல் தடவை” என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனியைவிட வருத்தமே மிகுதியாக இருந்தது.

அவர் வருந்தியதில் நியாயம் உண்டு. நாவல் இன்றைய இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள மெடான் நகரில், கெர்க் ஸ்ட்ராட் என்ற கடைத்தெருவில், 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை நுழையும் வேளையில் தொடங்குகிறது. நாம் எங்கே இருக்கிறோம், யாரைப் பின்தொடர வேண்டும் என்பதை ஆசிரியர் எடுத்துச் சொல்வதில்லை. கதையின் நாயகன் பாண்டியன் மெடான் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே அவன் நினைவு சொந்த ஊரான சின்னமங்கலத்தின் சந்தைக்குப் போய்விடுகிறது. இன்னொரு சமயம் இரவு நேரத்து மதுரைத் தெருக்களில் அலைகிறது. நாம் சுதாரிப்பதற்குள் மீண்டும் கடல் கடந்து வந்துவிடுகிறது. பக்கக்கணக்கில் நீளும் உரையாடல்களில் பேசுபவர் யார் என்பதை நாமேதான் கண்டுகொள்ள வேண்டும். மலாய்ச் சொல்லும் டச்சுப் பெயரும் வட்டிக்கடைத் தமிழும் அடுத்தடுத்து வருகின்றன. பழம்பாடல் வரிகள் மேற்கோள் குறி எதுவுமின்றி உரைநடையிலேயே கரைந்துகிடக்கின்றன.

நான் செய்த தவறு இங்கேதான் தொடங்கியது. இரண்டு வாரங்கள் உட்கார்ந்து, கடினமான சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதி, அச்செடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். இரண்டாவது கூட்டத்தில், அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு படித்தவர்கள் முன்னைவிடக் குறைவாகவே படித்திருந்தார்கள். வரிக்கு வரி கண்ணைப் பட்டியலுக்குத் திருப்பியதில் வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துபோயிருந்தது. அந்தத் தாளை ஒதுக்கிவைக்கும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

திருப்பம் மூன்றாவது கூட்டத்தில் வந்தது. வட்டத்திலேயே இளையவரான கல்லூரி மாணவி, கடைகளின் பெயர்களாக வரும் எழுத்துகளை ஆட்களின் பெயர்கள் என்று எண்ணிக்கொண்டு, இத்தனை பேரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று கேட்டார். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார், தேவகோட்டைப் பக்கத்துக்காரர், அதுவரை பெரும்பாலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர். “ஏம்மா, அது ஆள் பேர் இல்லை, விலாசம்” என்று தொடங்கினார். பெரியவர்களின் பெயர் முதலெழுத்துகளைக் கோத்துக் கடைக்கு விலாசம் வைப்பதையும், அந்த எழுத்துகளைத் திண்ணைப் பள்ளிக்கூட வழக்கப்படி மு என்பதை மூனா என்றும், கா என்பதைக் காவன்னா என்றும் சொல்வதையும் விளக்கினார். பிறகு தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். பினாங்கில் பெட்டியடிப் பையனாக, அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்யும் சிறுவனாகச் சேர்ந்து, பின்னர் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலை ஆளாக உயர்ந்தவராம். மூன்று வருடத் தவணை முடிந்து ஊருக்கு வருவதும், சில மாதங்களில் மீண்டும் கப்பலேறுவதுமாகவே அவருடைய இளமை கழிந்ததாம். “எங்க பக்கம் அதைக் கொண்டுவிக்கப் போறதுன்னு சொல்லுவோம்” என்றார்.

அடுத்த மாதம் தம் தந்தையின் கணக்கு நோட்டு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பழுப்பேறிய நீண்ட தாள். தலைப்பில் பிள்ளையார் சுழி. கீழே, பென்சிலால் கீறியதுபோன்ற மெல்லிய எழுத்தில் வரவும் பற்றும். ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும், எந்தக் கணக்கோடும் சேராமல், அவருடைய ஊர்க் கண்மாயின் பெயர் தனியே எழுதப்பட்டிருந்தது. மாணவி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பாண்டியன் மெடான்ல நிக்கும்போது சின்னமங்கலம் வர்றது இப்படித்தானே ஐயா?” என்று கேட்டார். நாங்கள் குழப்பம் என்று நினைத்த காலத்தாவலுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அன்று முதல் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினோம். ஆளுக்கு இரண்டு பக்கம். சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் நிறுத்தக் கூடாது என்பது மட்டுமே விதி. கண்ணால் படித்தபோது முட்டுச்சுவராக நின்ற உரையாடல்கள், குரல் ஏறியதும் ஆளாளுக்குப் பிரிந்து நின்றன. மதுரைக்காரன் குரலும் செட்டிநாட்டுக்காரன் குரலும் தனித்தனியே கேட்டன. தொங்கான் கப்பலில் பினாங்குக்குப் போகும்போது புயலில் சிக்கும் பகுதியை மருந்துக்கடை நண்பர் படித்தார். அங்கே வாக்கியங்கள் குறுகுகின்றன, உடைகின்றன, வெறும் ஓசையாகவே சில இடங்களில் மாறுகின்றன. அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் புத்தகத்தைக் கைமாற்ற மறுத்துவிட்டார்.

இந்த நாவலை எழுதியவர் மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தவர் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்று தமிழை எளிமையாக்கிய நாளிதழ் அது. பகலெல்லாம் அந்த எளிய தமிழில் புழங்கியவர், நாவலுக்கு இப்படியொரு மொழியைத் தேர்ந்துகொண்டார் என்றால், அது தெரிந்தே செய்த தேர்வு. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் மெடானுக்குப் போய், போருக்குப் பின் திரும்பிவந்து, மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் நெடுங்காலம் தனியாக வாழ்ந்த மனிதர். எழுதியவை இரண்டே நாவல்கள். ‘புயலிலே ஒரு தோணி’ எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 1972இல்தான் அச்சேறியது. அத்தனை ஆண்டுகள் காத்திருந்த எழுத்துக்கு எட்டு மாதங்கள் கொடுத்ததில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

ஆனால் எல்லோரும் நிறைவோடு முடித்தோம் என்று சொன்னால் அது உண்மையாகாது. பள்ளி ஆசிரியையான தோழி ஒருவர், ஆண்களின் மனத்தில் இத்தனை ஆழம் போகும் ஆசிரியர், பெண்களைப் பெரும்பாலும் அவர்களின் பார்வையில் படும் உருவங்களாகவே விட்டுவிடுகிறார் என்று ஆறாம் கூட்டத்தில் சொன்னார். ஊரை விட்டு, குடும்பத்தை விட்டுத் தனியே கிடந்த ஆண்களின் உலகம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று சிலர் பதில் சொன்னார்கள். “அந்த மூணு வருஷமும் ஊரில் தனியா கிடந்த பொம்பளைங்க இந்தப் புத்தகத்தில் எங்கே?” என்று அவர் கேட்டதற்கு எவரிடமும் பதில் இல்லை. பெரியவரும் தலையசைத்து, தம் தாயார் அந்த ஆண்டுகளைப் பற்றிக் கடைசிவரை வாய்திறந்ததே இல்லை என்றார். நாவலின் மேல் எனக்குள்ள அன்பு குறையவில்லை. தோழியின் கேள்வியும் சரி என்றே நினைக்கிறேன்.

கடைசிக் கூட்டத்தன்று இருட்டிய பிறகுதான் இறுதி அத்தியாயம் முடிந்தது. மாடி விளக்கின் அடியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு பெரியவர், நேரம் இருந்தால் சின்னமங்கலம் சந்தைப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை படிக்க முடியுமா என்று மாணவியிடம் கேட்டார். மாணவி பக்கத்தைத் தேடி எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.