மலைநாட்டிலிருந்து ஸ்கூபா படிக்கப் போகிறீர்களா? பரீட்சையை விட பஸ்ஸைப் பற்றி யோசியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் ஸ்கூபா டைவிங் (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது) பற்றி என்னிடம் கேட்கும்போது முதலில் வரும் கேள்வி "பரீட்சை கஷ்டமா?" என்பதுதான். கஷ்டமே இல்லை. உயர்தரத்துக்கு நடுச்சாமம் வரை கண்விழித்துப் படித்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது வேறு இரண்டு இடத்தில். ஒன்று மூக்கு, மற்றது வீட்டுக்குத் திரும்பும் பஸ்.

பரீட்சையை முதலில் முடித்துவிடுகிறேன். நான் படித்தது டைவிங் பயிற்சிக்கான பேடி (PADI) நிறுவனத்தின் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலைக் கோர்ஸ். பாஸானால் ஒரு துணையோடு 18 மீற்றர் ஆழம் வரை போகலாம். கடைசிப் பரீட்சையில் 50 கேள்விகள், எல்லாம் விடையைத் தெரிவு செய்வதுதான், 75 வீதம் எடுத்தால் போதும். பிழை விட்ட கேள்விகளைப் பயிற்றுநர் உட்கார்ந்து விளங்கப்படுத்துவார், அந்த நேரத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வராதீர்கள். எனக்குக் கிடைத்த பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்மொழி மூலம் படித்தவர்கள் அதைப் பார்த்து மிரள வேண்டாம், உள்ளே இருப்பதெல்லாம் நமக்குப் பழக்கமான அமுக்கம், கனவளவு, மிதப்புதான். அமுக்கம் கூடினால் வாயுவின் கனவளவு குறையும் என்ற போயிலின் விதி தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

அதில் ஒரே ஒரு பொறி இருக்கிறது. கடல்மட்டத்தில் அமுக்கம் 1 வளிமண்டலம், கடல்நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னொன்று கூடும். அப்படியானால் 30 மீற்றரில் எவ்வளவு? நிறையப் பேர் 3 என்று எழுதிவிடுகிறார்கள், தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றையும் சேர்த்தால் 4. மேலே 12 லீற்றர் இருந்த பலூன் அங்கே 3 லீற்றராகச் சுருங்கிவிடும். இதையே திருப்பிப் பாருங்கள்: 10 மீற்றரில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரட்டிப்பாகும், நுரையீரல் கிழியும். மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதை முதல் விதியாக வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

காற்றுக் கணக்கையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம்) காற்று என்றால் மொத்தம் 2400 லீற்றர். 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும், ஆகவே செலவழிக்கக் கிடைப்பது 1800 லீற்றர். தரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவருக்கு 20 மீற்றர் ஆழத்தில் மூன்று மடங்கு, அதாவது 60 லீற்றர் வேண்டும். 1800ஐ 60ஆல் வகுத்தால் 30 நிமிடம். பயந்து மூச்சிரைத்தால் அதுவும் கிடைக்காது. கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் காட்டும் என்று விட்டுவிடுபவர்கள் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை.

நீச்சல். 200 மீற்றர் நீந்த வேண்டும், நேரக் கட்டுப்பாடு இல்லை, எந்த நீச்சல் என்றாலும் சரி. இல்லாவிட்டால் மாஸ்க், ஸ்நோர்கல் (மூச்சுக் குழாய்), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டுக்கொண்டு 300 மீற்றர். அப்புறம் எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் இறங்கிப் பழகுவோம் என்று மட்டும் யோசிக்காதீர்கள், அங்கே கரை எங்கே சரியும் என்று யாருக்கும் தெரியாது. கண்டிக்குப் போய் ஒழுங்கான குளத்தில், சொல்லிக்கொடுக்க ஒருவரை வைத்துப் பழகுங்கள். போகிற செலவுக்கு அது தகும்.

தண்ணீருக்குள் செய்யும் பயிற்சிகளில் பலரையும் ஆட்டிவைப்பது மாஸ்க்கில் நீரை விட்டு வெளியேற்றுவது. மாஸ்க்கின் மேல்விளிம்பை மெல்லத் தூக்கியதும் உப்புத் தண்ணீர் கண்ணுக்கும் மூக்குக்கும் வந்து நிற்கும். உடனே மூக்கால் இழுக்கச் சொல்லும் உடம்பு, இழுத்தால் புரையேறும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வாயால் மட்டும் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டு, மேல்விளிம்பை விரலால் நெற்றியோடு அழுத்தி, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, மூக்கால் நீளமாகக் காற்றை விட வேண்டும். தண்ணீர் கீழ்விளிம்பால் தானாக வெளியே போகும். இதற்கு வீட்டிலேயே பழகலாம். ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க் இல்லாமல் முகத்தை அமிழ்த்தி, வாயில் ஸ்நோர்கலை வைத்து மூச்சு விடுங்கள். நுவரெலியாக்காரர்கள் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளலாம், அதில் வெட்கமில்லை.

இனி மூக்கு. மலைக்குளிரில் வளர்ந்த நம்மில் பலருக்குச் சளியும் பீனிசமும் கூடப்பிறந்தவை. இறங்கும்போது காது வலிக்கத் தொடங்கும் முன்பே, ஒவ்வொரு மீற்றருக்கும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமப்படுத்த வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் இது நடக்காது. பலமாக ஊதினால் காதுதான் கெடும். அடைப்புக்கு மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்பதும் நல்ல யோசனை இல்லை. மருந்தின் வேகம் கீழே இருக்கும்போது குறைந்தால் மேலே வரும்போது காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். சளி பிடித்திருந்தால் திகதியை மாற்றுங்கள். கோர்ஸுக்கு முன்பு தரும் மருத்துவக் கேள்விப் படிவத்தில் ஆஸ்துமா பற்றியும் கேட்பார்கள், உள்ளதை உள்ளபடி எழுதி, தேவையென்றால் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம்.

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் எங்களுக்குச் சொல்லித்தந்தவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். கடைசி டைவ் முடித்து ஈயப்பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார்:

"தம்பிக்கு வீடு எங்க?"

"ஹட்டன், நானா."

"அப்ப இண்டைக்கு ராவு பஸ் ஏற வாணாம். நாளைக்குப் போங்க."

கொழும்புப் பையன்களிடம் அவர் இதைக் கேட்கவில்லை. ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் கூடுதலாக இரத்தத்திலும் இழையங்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுமெதுவாக மூச்சோடு வெளியேறும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அமுக்கம் குறைந்த இடத்துக்குப் போனால் உடம்புக்குள்ளேயே குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் வேலையைக் காட்டும். டைவ் செய்தவுடன் விமானம் ஏறக்கூடாது என்பது இதனால்தான். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாள் தொடர்ந்து என்றால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். கோர்ஸில் கடலில் 4 டைவ்கள் இருப்பதால் நமக்குப் பொருந்துவது 18.

பரீட்சைக்காக இதைப் பாடமாக்கிவிட்டு "நமக்கு எங்கே விமானம்" என்று கடந்துபோகிறோம். விமானத்தின் உள்ளே இருக்கும் அமுக்கம் அதிகம் போனால் ஏறத்தாழ 2400 மீற்றர் உயரத்துக்குச் சமமாக இருக்கும். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது, அங்கே காற்றமுக்கம் கடலோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். நமக்கு வீட்டுக்குப் போவதும் விமானம் ஏறுவது மாதிரித்தான். ஹட்டன், ஹப்புத்தளை, பண்டாரவளை எல்லாமே 1200 மீற்றருக்கு மேல். டைவிங்கில் 300 மீற்றரைத் தாண்டினாலே உயரம் என்றுதான் கணக்கு, 500 மீற்றரில் இருக்கும் கண்டியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி வரும். சனிக்கிழமை காலை 11 மணிக்குக் கடைசி டைவ் முடிந்தால் 18 மணி நேரம் ஞாயிறு விடிய 5 மணிக்கு முடியும். காலை பஸ்ஸில் திருகோணமலையை விட்டால் ஹபரணை, தம்புள்ளை வரை பாதை தாழ்வாகவே இருக்கும், மாத்தளை தாண்டி ஏறும்போது இன்னும் சில மணி நேரம் கூடியிருக்கும். திங்கள் வேலைக்கும் போய்விடலாம். ஞாயிறு பின்னேரம் டைவ் செய்துவிட்டு இரவோடிரவாக ஏறுவதுதான் கூடாது. தெற்கிலிருந்து வருபவர்கள் பொறுக்க வேண்டுமென்றால் கித்துல்கலையிலோ வெல்லவாயவிலோ தங்கலாம், இரண்டும் மலையடிவாரம். போகும் வழியில் மூட்டு வலி, விறைப்பு, காரணமில்லாத களைப்பு வந்தால் பஸ்ஸில் உட்கார்ந்த அலுப்பு என்று படுத்துவிடாதீர்கள், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து டைவ் செய்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தோன்றாமலே போகலாம்.

காலநிலையைப் பொறுத்தவரை கிழக்குக்கு மே முதல் செப்டெம்பர் வரை, ஹிக்கடுவை, உனவட்டுன பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆகஸ்ட் லீவு கிடைப்பவர்கள் கிழக்கே போங்கள், டிசம்பர் லீவு என்றால் தெற்கு. கோர்ஸ் முடிந்த கையோடு மட்டக்களப்பில் ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் அது. 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீற்றர்தான். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவின் பவளப்பாறையும் சுறாக்குட்டிகளும் போதும் இப்போதைக்கு.

பின்னேரங்களில் லொக் புத்தகத்தோடு உட்கார்ந்து பேசும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். ஆழம், நேரம், போட்ட ஈயம், மிஞ்சிய காற்று எல்லாம் எழுதி, துணைவரிடம் கையெழுத்து வாங்குவோம். தமிழ், சிங்களம், முஸ்லிம் பையன்கள், படகோட்டிகள் எல்லோரும் ஒரே பாயில். எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும், எந்தப் பாறையில் அறுந்த வலை சிக்கியிருக்கிறது, அதை எப்போது போய் வெட்டி எடுப்பது என்பதெல்லாம் அங்கேதான் பேச்சில் வரும்.

இடம் பதியும்போது போனிலேயே சிலதைக் கேட்டுவிடுங்கள். ஆன்லைன் பாடத்துக்கான கட்டணம் சேர்ந்ததா, படகும் உபகரணமும் சேர்ந்ததா, புறாத்தீவு தேசியப் பூங்கா டிக்கெட் தனியா, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், கடைசி நாள் டைவ் எத்தனை மணிக்கு முடியும். கடைசிக் கேள்விக்கு மறுமுனையில் "அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம்" என்று சொன்னால், வீடு ஹட்டன் என்று சொல்லி இன்னொரு தடவை கேளுங்கள்.