பதினோராவது வாரம்

1945-க்குப் பிறகான காலத்துக்கு ‘நீண்ட அமைதி’ என்று பெயராம். இங்கிலாந்துக்கு வந்து சர்வதேச உறவுகள் முதுகலையில் சேர்ந்த மூன்றாவது வாரம் பேராசிரியர் சொன்னார். நானும் பவ்யமாக எழுதிக்கொண்டேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. கொரியா? வியட்நாம்? 1971 வங்கதேசப் போர்? கையைத் தூக்கிக் கேட்டேன். வல்லரசுகளுக்கு இடையே நேரடிப் போர் இல்லை என்ற பொருளில் அப்படிச் சொல்வதாக விளக்கினார். சரி, அவர்கள் நேருக்கு நேர் மோதிக்கொள்ளாதவரை உலகம் அமைதியாக இருந்ததாகக் கணக்கு.

அன்றிரவு பாடத்திட்டத்தை முழுதாகப் புரட்டினேன். மொத்தம் பன்னிரண்டு வாரம். முதல் வாரம் 1648, ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த வெஸ்ட்பேலியா உடன்படிக்கை. அப்புறம் ஹாப்ஸ், காண்ட் என்று ஐரோப்பியத் தத்துவவாதிகள் வரிசையாக வந்து, பதினோராவது வாரத்தில் ‘மேற்கு அல்லாத பார்வைகள்’. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம். அவர்கள் யோசித்தால் கோட்பாடு, நாம் யோசித்தால் பார்வை!

இந்தத் துறைக்கான முதல் பேராசிரியர் பதவியே 1919-இல் வேல்ஸில், அபெரிஸ்ட்வித்தில்தான் உருவானது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு பிறந்த துறை, தன் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குவதில் ஆச்சரியமில்லை. அந்த வீட்டுக் கதையே உலகக் கதை ஆகிவிடுவதுதான் உறுத்துகிறது. வகுப்பில் ஆப்பிரிக்கா என்ற சொல் வந்தால் எல்லாத் தலைகளும் கானா நாட்டுத் தோழன் பக்கம் திரும்பும். ஆசியா என்றால் என் பக்கம். ஒரு கண்டத்தின் சார்பில் பேச எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

ஆனாலும் பதினோராவது வாரத்துக்காகக் காத்திருந்தேன். 1955-இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 இந்தோனேசியாவில் கூடிய பாண்டுங் மாநாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். அந்த வாரம் பார்த்து ஆசிரியர்கள் வேலைநிறுத்தம். வகுப்பு ரத்து. ‘இந்தப் பகுதி தேர்வுக்கு வராது, கவலை வேண்டாம்’ என்று மின்னஞ்சல் வேறு.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. கோபப்படாமல் கட்டுரை எழுதுகிறேன், மதிப்பெண்ணும் வருகிறது. அப்படித்தான் போன வாரம் அதிகாரச் சமநிலை பற்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே பள்ளித் தமிழய்யாவின் குரல் வந்துவிட்டது: ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்.’ தன் பலம், எதிரி பலம், கூட்டாளி பலம் எல்லாம் அதில் இருக்கிறது. அன்று அது வெறும் மனப்பாடப் பகுதி. பிறகு ஊரில் கல்லூரியில் படித்ததும் இதே 1648-தான். அங்கே நான் ஒரு நாளும் கையைத் தூக்கவில்லை. இது நினைவுக்கு வந்ததும் பேராசிரியர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

குறளை மொழிபெயர்த்து அடிக்குறிப்பில் சேர்த்தேன். கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரு கேள்வி: பக்க எண்?

471 என்று எழுதி அனுப்பினேன்.