மண்ணடியில் ஒரு மாடி அறை

வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் எழும்பூரில் தங்குவார்கள். கையில் கொஞ்சம் காசிருந்தால் தியாகராய நகர். பாரிமுனைக்குப் பகலில் போய், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். அங்கே இரவு தங்கப்போகிறோம் என்றதும் எங்கள் உறவினர்கள் முகம் சுளித்தார்கள். "அந்த நெரிசலிலா?" என்றார்கள். நெரிசல் பகலோடு சரி. கடையடைத்த பிறகுதான் ஜார்ஜ் டவுன் என்ற ஊரே கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. அங்கே படுத்து எழுந்தால்தான் இது புரியும்.

அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அட்டைக்கு ஆண்டர்சன் தெரு, வளையலுக்கு தேவராஜ முதலி தெரு, துணிக்கு கோடவுன் தெரு என்று வேலை முழுவதும் கூப்பிடு தூரத்துக்குள் இருந்தது. கும்பகோணத்திலிருந்து அக்காவும் நானும் வந்திருந்தோம். தினமும் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கேயே தங்கிவிடலாமே என்று அக்காதான் சொன்னாள். அட்டை வாங்கிய கடைக்காரரிடம் விசாரித்தோம். "எங்களிடம் சரக்கெடுக்க வரும் வெளியூர்க்காரர்கள் தங்கும் வீடு ஒன்று இருக்கிறது. குடும்பத்தோடு தங்கலாம்" என்று சொல்லி, கடைப் பையனையும் துணைக்கு அனுப்பிவைத்தார்.

மண்ணடியில், பவளக்காரத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போய்த் தொழில் செய்த நகரத்தார்கள் சென்னையில் வந்திறங்கிய வட்டாரம் இது. வீட்டை நடத்துகிற ஆச்சிக்கும் தேவகோட்டைப் பக்கம்தான் சொந்த ஊர். கணவர் இருந்தவரை கீழ்த்தளத்தில் இரும்புச் சாமான் கிடங்கு இருந்ததாம். அவர் போன பிறகு, கிடங்கைக் காலி செய்துவிட்டு, அறைகளுக்கு வெள்ளையடித்து, தங்க வருபவர்களுக்கு விடத் தொடங்கியிருக்கிறார்.

தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு ஆள் அகலத்தில் ஒரு கதவு மட்டுமே தெரியும். உள்ளே நுழைந்தால் ரேழி, அதைத் தாண்டினால் முற்றம், அதற்கும் பின்னால் இன்னொரு கட்டு என்று வீடு நீண்டுகொண்டே போகிறது. முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை. அதன் வழியாக வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழும். மாடிக்கு மரப்படி. செங்குத்தான படி என்பதால் பிடித்து ஏற, மேலிருந்து ஒரு வடக்கயிறு தொங்குகிறது. எத்தனையோ பேரின் உள்ளங்கை பட்டு அந்தக் கயிறு சந்தனக்கட்டை போல வழவழப்பாக இருந்தது.

எங்கள் அறையில் இரண்டு கட்டில், ஒரு மர அலமாரி, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். குளிர்சாதனம் இல்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் காரணம் தெரியும். தேக்கு உத்தரங்களுக்கு மேலே சின்னஞ்சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சாய்வு சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருக்கிறார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். வெள்ளையடித்த பின்னும் செங்கல் வரிசையின் சாய்கோடுகள் தெரிகின்றன. ஒரு மத்தியானம் முழுவதும் அவற்றைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இந்த வீடுகளை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் கட்டுகிறவர்கள் எதைத் தொலைக்கிறோம் என்று தெரிந்துதான் செய்கிறார்களா என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அந்தச் சந்திலேயே இரண்டு வீடுகள் அப்படிப் போய்விட்டன.

குறையும் உண்டு. குளியலறை மாடிக்கு ஒன்றுதான். காலையில் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். வெந்நீர் வேண்டுமென்றால் கீழே சொன்னால் வாளியில் வரும். கொசு இருக்கிறது; ஆச்சியே வலை கொடுத்துவிடுகிறார். வாடகை, எழும்பூரில் நாங்கள் வழக்கமாகத் தங்கும் லாட்ஜில் கேட்பதில் பாதிகூட இல்லை. அதற்குள் காலைக் காப்பியும் அடக்கம்.

முதல் நாளே ஆச்சி சொல்லிவிட்டார்: "பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவேன். நேரமாகும் என்றால் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போங்கள், விழித்திருக்கிறேன்." அந்த ஒரு வார்த்தைக்காகவே அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இரவு எட்டரைக்கெல்லாம் கதவுகளை இழுத்துச் சாத்தும் சத்தம் தெருத்தெருவாகக் கேட்கும். மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டிகள் கடைசி நடையாகப் போகும். அரை மணி நேரத்தில் தெரு அகலமாகிவிடும். பகலில் நம் கண் தோள் உயரத்துக்கு மேலே போவதே இல்லை. கடை, சரக்கு, விலை, காலடியில் பள்ளம், இவற்றைப் பார்க்கவே சரியாக இருக்கும். கடைகள் மூடிய பிறகுதான் அண்ணாந்து பார்க்கத் தோன்றும். மரச் சட்டமிட்ட பால்கனிகள், வண்ணக் கண்ணாடி பதித்த அரைவட்ட ஜன்னல்கள், சுதை வேலைப்பாடு செய்த கைப்பிடிச் சுவர்கள் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

என்.எஸ்.சி. போஸ் சாலையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே பச்சையப்பன் மண்டபம் இருக்கிறது. அந்தச் சாலையில் எத்தனையோ முறை நடந்திருக்கும் அக்கா அன்றிரவுதான் அதை முதன்முதலாகப் பார்த்தாள். கிரேக்கக் கோயிலின் சாயலில் வரிசையாகத் தூண்கள் நிற்க, 1850-இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தர்மத்துக்கென்று எழுதிவைத்த சொத்திலிருந்து வளர்ந்த அறக்கட்டளையின் மண்டபம். பகலில் கீழே உள்ள கடைகளும் நடைபாதை வியாபாரமும் அதை அப்படியே மறைத்துவிடுகின்றன. எதிரே நீதிமன்றத்தின் செந்நிறக் குவிமாடங்கள். அந்தக் கட்டடம் எழுந்தது 1892-இல். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசியதை நினைவூட்டும் கல்வெட்டு அதன் சுற்றுச்சுவரில் இருக்கிறது. நடை பாரிமுனையில் உள்ள பாரி கம்பெனிக் கட்டடமான டேர் ஹவுஸ் வரைக்கும் போனது. கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தைப் பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு இடித்துத் தள்ளி, கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி விட்ட ஆங்கிலேயர்கள், இனி இதற்கு இந்தப் பக்கம் யாரும் கட்டக் கூடாது என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் மிஞ்சியிருப்பது டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கும் ஒன்றுதான். எத்தனை பேருடைய வீடுகள் அந்தத் தூணுக்குப் பின்னால் போயின என்று நினைத்தபோது மனம் கனத்தது.

சாப்பாட்டுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. தங்கசாலைத் தெருவில் கச்சோரியும் சூடான ஜிலேபியும் பாதாம் பாலும் சாப்பிட்டோம். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் மனம் பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ வண்டிகளிடம்தான் இருக்கிறது. பர்மாவை விட்டு 1960-களில் வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பேசினில் போட்டு, நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்து, பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைகிறார்கள். அந்தப் பிசைதலில்தான் எல்லாம் இருக்கிறது. அழுத்தினால் குழைந்துவிடும், விட்டால் ஒட்டாது. கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், கேட்காமலே இன்னொரு கரண்டியும் ஊற்றுவார்கள். எங்களுக்குப் பிசைந்து கொடுத்த அம்மாள், "காரம் குறைக்கட்டுமா பாப்பா?" என்று நரைத்த தலை அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

காலையில் ஐந்தரைக்கே கிளம்பி தம்பு செட்டித் தெரு காளிகாம்பாளைப் பார்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் முன்னதாக. 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து வழிபட்ட சந்நிதி. சுதேசமித்திரனில் வேலை பார்த்த நாட்களில் பாரதியார் அடிக்கடி வந்து நின்ற இடம். அந்த நேரத்தில் அம்மன் எதிரே நின்று நிதானமாகக் கும்பிடலாம், யாரும் தள்ளமாட்டார்கள். பத்திரிகை அட்டையில் முதல் மாதிரியை அவள் காலடியில் வைத்துத்தான் எடுத்துவந்தோம்.

அரண்மனைக்காரத் தெருவில் இருக்கும் ஆர்மீனியர் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். அதுவும் காலையில் போக வேண்டிய இடம், பிற்பகலில் பூட்டிவிடுகிறார்கள். 1772-இல் கட்டியது. மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, உள்ளே ஆறு பெரிய மணிகள். முற்றத்தில் நடந்தால் கால்கள் கல்லறைக் கற்களின் மேலேயேதான் படும். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான அஸ்தராரை 1794-இல் சென்னையிலிருந்து வெளியிட்ட பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் அங்கே இருக்கிறது. பச்சையப்பர் கண் மூடிய அதே ஆண்டில், சில தெருக்கள் தள்ளி ஒரு பாதிரியார் தன் மொழிக்கு அச்சு கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்று சென்னையில் ஆர்மீனியர்கள் அநேகமாக யாருமே இல்லை. தேவாலயத்தை மட்டும் யாரோ பெருக்கி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிப் பொன்போல வைத்திருக்கிறார்கள்.

வந்து சேர்வதற்குச் சிரமமே இல்லை. சென்ட்ரலிலிருந்து விம்கோ நகர் போகும் மெட்ரோவில் ஏறினால் உயர் நீதிமன்றம், அடுத்தது மண்ணடி. விமான நிலையத்திலிருந்தும் அதே நீல வழித்தடம்தான். இராயபுரம் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட கட்டடத்தை ஒரு மாலை நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கோடையில் வேண்டாம், மார்கழி, தை மாதங்கள் உத்தமம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும். சரக்கு வாங்க வருபவர்களுக்கு அது வீண் நாள். தெருக்களைப் பார்க்க வருபவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மாதம் சாமான் வாங்க வருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஆச்சியிடம் மூன்று அறைகள் சொல்லிவைத்து, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். முற்றத்துப் பக்க அறைகளாகக் கேட்டிருக்கிறேன். தெருப் பக்கம் விடியற்காலை நான்கு மணிக்கே வண்டிச் சத்தம் தொடங்கிவிடும். சம்பந்தியம்மாளுக்கு மூட்டுவலி என்பதால் அவருக்கு மட்டும் கீழ்த்தளத்தில்.