கண்ணை மூடச் சொல்லாதீர்கள்

மனவடுவோடு (பழைய கொடுமையோ விபத்தோ மனதில் விட்டுச்சென்ற காயத்தோடு) வருகிறவரிடம் பயிற்சியில் இருக்கும் மனநலச் சிகிச்சையாளர் செய்யும் முதல் தவறு நல்லெண்ணத்தில்தான் நடக்கிறது: "கண்ண மூடிக்கோங்க, மூச்ச நல்லா இழுத்து விடுங்க." சிறு வயதில் வீட்டிலேயே அடிபட்டவருக்குக் கண்ணை மூடுவது என்றால் யார் கிட்டே வருகிறார்கள் என்று தெரியாமல் போவது. மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். உடம்பு அதையும் ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

கண் திறந்தே இருக்கட்டும். அறையை மெதுவாகச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கழுத்தும் சேர்ந்து திரும்பட்டும். கதவு அவர் பார்வையில் படவேண்டும். மூச்சு என்றால் வெளிமூச்சை மட்டும் மூன்று நான்கு முறை சற்று நீட்டினால் போதும்.

"வயித்தக் கலக்குது" என்பார். அதைப் 'பதற்றம்' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நகராதீர்கள். தொப்புளுக்கு மேலா கீழா, சூடா சில்லென்றா, அசைகிறதா என்று கேளுங்கள். அரை நிமிடம் அதோடு இருந்துவிட்டு, உடம்பில் வலியோ இறுக்கமோ இல்லாத இடத்துக்கு, பெரும்பாலும் பாதத்துக்கு, கவனத்தைக் கொண்டுவாருங்கள். பிறகு மறுபடி வயிறு. உடம்பின் உணர்வுகள் வழியே மனவடுவை ஆற்றும் பீட்டர் லெவினின் முறையில் இந்தப் போக்குவரத்துக்கு 'ஊசலாட்டம்' என்று பெயர். முழுக் கதையையும் முதல் நாளே கேட்டுவிடுவது இதற்கு நேர் எதிர்.

இன்னொன்றையும் பார்த்துப் பழக வேண்டும். குரல் தட்டையாகிறது, இமைப்பது குறைகிறது, பதில் தாமதமாகிறது. அமைதியாகிவிட்டார் என்று தோன்றும், உண்மையில் விறைத்துப்போயிருப்பார். அங்கேயே நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்து நின்று இரு கைகளாலும் சுவரைத் தள்ளச் சொல்லுங்கள்.

குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பிலும் இதே கதைதான். தாயைச் சற்று நேரம் பிரிந்த குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் வகுத்த சோதனையில், தாய் வெளியே போனாலும் அழாமல் விளையாடும் குழந்தைகள் உண்டு. 1977இல் ஆய்வாளர்கள் ஸ்ரூஃபும் வாட்டர்ஸும் அளந்து பார்த்தபோது அவர்களுடைய இதயத்துடிப்பும் ஏறியே இருந்தது. "நா நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரிப்பவரின் தோளையும் விரல்களையும் பாருங்கள். நாற்காலியைத் தள்ளிப் போடட்டுமா என்று கேளுங்கள். நீங்கள் விடுப்பில் போவதாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐம்பது நிமிட அமர்வில் கடைசிப் பத்து நிமிடம் புதிய நினைவு எதையும் தொடாதீர்கள். எப்படி வீட்டுக்குப் போகிறார், போனதும் என்ன சாப்பிடுவார், வீட்டில் யார் இருப்பார்கள் என்று பேசுங்கள்.