நாயனத்துக்கு இல்லையாம், தவிலுக்கு மட்டுமாம்

"ஆண்ட்ரூ இல்லையாம்" என்று யாரோ சொன்னதும் சாப்பாட்டு அறை அப்படியே அடங்கிப்போனது. நான் புளியோதரை டப்பாவோடு மைக்ரோவேவ் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆண்ட்ரூ யாரென்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்ப்பவராக இருக்கும் என்று நினைத்தேன். ஊர்ப்பழக்கம் சும்மா இருக்குமா, வாய் தானாகவே கேட்டுவிட்டது: "ஐயோ, என்ன வயசு?"

"47" என்றார் டப்ளின்காரர் ஒருவர்.

"அடடா, சின்ன வயசாச்சே. பிள்ளைகுட்டி?"

இரண்டு விநாடி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் எழுந்த சிரிப்பில் ஒருவருக்குச் சூப் மூக்கில் ஏறிவிட்டது. நடிகர் ஆண்ட்ரூ ஸ்காட் நன்றாகத்தான் இருக்கிறார். ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில்தான் இல்லை.

அது 2024 ஜனவரி 23. அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு நான் வந்து ஐந்தாவது மாதம். வேலை ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில். கலிஃபோர்னியாவில் விடிகாலை 5.30 மணிக்குப் பட்டியலை வாசிக்கிறார்கள். அது இங்கே மதியம் 1.30, சரியாகச் சோற்று நேரம். ஐந்து மாதமாக மழையைத் தவிர வேறு எதையும் என்னிடம் பேசாத மனிதர்கள், அன்றைக்கு மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். எனக்குக் கண்கொள்ளாக் காட்சி.

ஸ்காட் டப்ளின்காரர். 'ஆல் ஆஃப் அஸ் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' படத்துக்காகக் கோல்டன் குளோப் பரிந்துரையில் இருந்தவர். ஆஸ்காரில் அவரும் இல்லை, அந்தப் படத்துக்கு வேறு எந்தப் பிரிவிலும் இடம் இல்லை. ஆனால் 'ஓப்பன்ஹைமர்' படத்துக்குக் கிடைத்த 13 பரிந்துரைகளில் ஒன்று கிலியன் மர்ஃபிக்கு. அவர் கார்க் ஊர்க்காரர். கார்க் ஊர்க்காரர்களுக்கு டப்ளின் என்றால் எப்போதுமே ஓர் ஏளனம். உண்மையான தலைநகரம் எங்கள் ஊர்தான் என்று சொல்லிக்கொள்கிற கூட்டம் இது. எனவே மேசையின் ஒரு பக்கம் இழவு, மறுபக்கம் கல்யாணம். "திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு" என்று சொல்லிச் சொல்லி, தேர் பெரிசா மதில் பெரிசா என்று திருவாரூர்ச் சித்தி பிள்ளைகளோடு மயிரைப் பிடித்து உருண்டு வளர்ந்தவள் நான். இந்தச் சண்டை எனக்கு உடனே புரிந்துவிட்டது.

பிறகு 'பார்பி' வந்தது. படத்துக்கு எட்டுப் பரிந்துரைகள், சிறந்த படத்துக்கானது உட்பட. ஆனால் இயக்கிய கிரெட்டா கெர்விக் இயக்குநர் பட்டியலில் இல்லை. பார்பியாக நடித்த மார்கட் ராபி நடிகையர் பட்டியலில் இல்லை. கென்னாக வந்த ரயன் காஸ்லிங்கோ துணை நடிகர் பட்டியலில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். பெண்கள் பக்கம் ஒரே கொதிப்பு. நான் எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னேன்: "கச்சேரி முடிந்ததும் தவிலுக்குப் பொன்னாடை போட்டுவிட்டு, நாயனத்துக்குப் போடாமல் அனுப்பிவிட்டார்கள்." நாயனம் என்றால் என்ன என்று விளக்கப் போய், புளியோதரை ஆறிவிட்டது.

இதில் சதி இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. சிறந்த படத்துக்குப் பத்து இடம், இயக்குநருக்கு ஐந்தே இடம். படத்தை எல்லா உறுப்பினர்களும் சேர்ந்து பரிந்துரைக்கிறார்கள். இயக்குநரை இயக்குநர்கள் மட்டும்தான். முன்பெல்லாம் படத்துக்கும் ஐந்துதான் இருந்தது. 2009 ஜனவரியில் 'தி டார்க் நைட்' விடுபட்டுப்போய் ஊரே கத்திய பிறகு, அந்த ஆண்டே பத்தாக்கினார்கள். பந்தியில் பத்து இலை போட்டுவிட்டு ஐந்து இலைக்குத்தான் பாயசம் என்றால், மீதி ஐந்து பேர் சும்மாவா எழுந்து போவார்கள்? கணக்குச் சரிதான். கணக்கைச் சொல்லி யாரைச் சமாதானப்படுத்த முடிந்திருக்கிறது?

அப்போதுதான் ஒரு பெண் அன்பாகவே கேட்டாள். "உங்கள் பாலிவுட் படம் ஏதாவது இருக்கிறதா?"

என் பாலிவுட்! அந்த ஆண்டு வெளிநாட்டுப் படங்களுக்கான பிரிவுக்கு இந்தியா அனுப்பியது கேரள வெள்ளத்தைப் பற்றிய '2018' என்ற மலையாளப் படம். டிசம்பரிலேயே வெளியே போய்விட்டது. அந்தப் பிரிவில் இறுதிப் பட்டியல் வரை போன இந்தியப் படங்கள் மொத்தமே மூன்று: 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்'. இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போனேன்.

நான் இங்கே நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறேன். இந்தக் காற்றுக்குக் குடை உதவாது என்று தெரிந்து, தொப்பி வைத்த கோட்டுக்கு மாறிவிட்டேன். நகரத்தின் நடுப்பகுதி லீ ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவே ஒரு தீவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் மாதிரி. பாலத்தில் நடக்கும்போது ஊரில் இருப்பதாகவே தோன்றும். தண்ணீரை எட்டிப் பார்த்தால்தான் சிக்கல். 2023 அக்டோபர் 10-ஆம் தேதி தண்ணீர் இல்லாமல் மேட்டூர் அணையை மூடினார்கள். குறுவை கருகியிருந்தது, சம்பாவுக்கு வழியில்லை என்று அப்பா போனில் பேசவே இல்லை. 18-ஆம் தேதி, கார்க்குக்குப் பக்கத்திலிருக்கும் மிடில்டன் ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. நெல் நடாத ஊரில் இவ்வளவு தண்ணீர்! எங்கே தேவையோ அங்கே இல்லை. விடுபட்டுப்போவது டெல்டாக்காரர்களுக்குப் புதிதா என்ன.

மணி இரண்டு. ஊரில் இரவு ஏழரை. அப்பா இந்நேரம் டீக்கடை பெஞ்சில் இருப்பார், பக்கத்தில் பெரியப்பா இருப்பார். கூப்பிட்டேன்.

"ஏன் ஆயி, சாப்புட்டியா?" பிறகு விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். ஆண்ட்ரூவின் சோகம் அவரைத் தொடவில்லை. "அவன் கெடக்கான். நம்ம ஆளுக்கு என்ன குடுத்தானுவோ?" என்றார்.

நம்ம ஆள் என்றால் சிவாஜி. சூரக்கோட்டை தஞ்சாவூர்ப் பக்கம்தானே, அதனால் எங்கள் வீட்டில் அவர் நடிகர் இல்லை, பங்காளி. நடிகருக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கியது. அடுத்த ஆண்டே 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. சிக்கல் சண்முகசுந்தரமும் திருவாரூர் மோகனாம்பாளும். எங்கள் மண்ணின் கதை. தமிழில் சிறந்த படம் என்று விருது வந்தது. வண்ண ஒளிப்பதிவுக்கும் வந்தது. நாயனம் ஊதியவருக்கு வரவில்லை. சிறந்த நடிகர் 'ஆஷிர்வாத்' இந்திப் படத்துக்காக அசோக் குமார். கடைசி வரை சிவாஜிக்கு அந்த விருது கிடைக்கவே இல்லை. பின்னால் 'தாதாசாகேப் பால்கே' கொடுத்தார்கள். அப்பா அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. "பந்தியில விட்டுட்டு, கைகழுவுற எடத்துல வெத்தல குடுத்த மாதிரி" என்பார். 1969-இல் 'தெய்வமகன்'தான் ஆஸ்காருக்கு அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப்படம், அதில் மூன்று வேடம். "இங்க குடுக்காதவன் அங்க மட்டும் அனுப்புறான் பாரு" என்பது அதே குற்றப்பத்திரிகையின் அடுத்த பக்கம்.

வெந்த புண்ணில் வேல் மாதிரி, 1971-ஆம் ஆண்டுக்கான விருது 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆருக்குப் போனது. பெரியப்பா எம்.ஜி.ஆர் கட்சி. செய்தி வந்த அன்று தெரு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துவிட்டு, அப்பாவின் பையில் இரண்டைப் போட்டுவிட்டாராம். அப்பாவுக்குத் தின்ன மானம் இடம் கொடுக்கவில்லை, எறியவும் மனசில்லை. ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து, காம்பஸ் முழுக்க எறும்பு. அன்றிலிருந்து வீட்டில் யார் எதை எடுத்து வைத்துக் கெடுத்தாலும் அதற்குப் பெயர் 'விருது மிட்டாய்'. போன மாதம் என் குளிர்பெட்டியில் பூஞ்சை பிடித்த பன்னீரை எடுத்து எறியும்போது எனக்கும் அதுதான் வாயில் வந்தது.

பெரியப்பா போனைப் பிடுங்கினார். "டெல்லிக்காரன விடும்மா. 89 தேர்தல்ல நம்ம திருவையாத்துக்காரனுவளே ஓட்டுப் போட்டு செயிக்க வெக்கலயே. அதயும் ஒங்கப்பனக் கேளு." சிவாஜி திருவையாற்றில் தோற்றது எங்கள் வீட்டில் உரக்கச் சொல்லக்கூடாத விஷயம். லைன் சட்டென்று துண்டானது.

மறுநாள் டப்ளின்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னவோ தோன்றியது, போனில் 'தில்லானா மோகனாம்பாள்' கச்சேரிக் காட்சியைப் போட்டு அவர் முன் வைத்தேன். அவர் டின் விசில் என்கிற ஐரிஷ் குழல் ஊதுகிறவர் என்பது எனக்குத் தெரியாது. அவர் சிவாஜியின் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார். ஒருமுறை பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். கழுத்து நரம்பு புடைப்பதை, சீவாளியை உதடு விடுகிற இடத்தை, மூச்சு உள்ளே போகும்போது தோள் இம்மியளவு ஏறுவதை.

"இவர் வித்வானா?"

"இல்லை. வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இவர் நடிகர்."

"மூச்சு எடுக்கிற இடம்கூடச் சரியாக இருக்கிறதே." டீக்குவளையைக் கீழே வைத்தார். "இதற்கு விருது கொடுத்தார்கள்தானே?"

"இல்லை."

முந்தைய நாள் ஆண்ட்ரூவுக்கு வந்த அதே முகம் வந்தது. ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது; எழுத முடியாது. எனக்குத் தொண்டை அடைத்தது என்றால் நம்புவீர்களா? 55 வருஷக் கேஸுக்கு வெளியூர்ச் சாட்சி ஒன்று கிடைத்துவிட்டது. அப்புறம் அவர் நியாயமாக ஒன்று கேட்டார்: "வாங்கியவர் எப்படி நடித்திருந்தார்?"

எனக்குப் பதில் இல்லை. நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் ஊரில் எல்லாரும் தூங்கப்போகும் நேரத்தில் கூப்பிட்டேன். "அப்பா, அந்த அசோக் குமார் படத்தை நீங்க பாத்திருக்கீங்களா?"

மறுபக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. திண்ணையிலிருந்து பெரியப்பா, "கேளு, நல்லாக் கேளு" என்றார்.

"அத எதுக்கு நான் பாக்கணும்?" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் இறங்கி வந்தது. "பாத்து, அவன் நல்லா நடிச்சிருந்தான்னு வையி. அப்பறம் நான் என்னா பண்றது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, போன வையி. அங்க மழையா?"

"மழதாம்ப்பா."