பாஸ் ஓவர் கேட்டதற்குக் கட்சிக்காரர் கோபப்பட்டார்

தொழிலுக்கு வந்து மூன்றாவது வருடம். எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள், எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை. பக்கத்துக் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் வராந்தாவில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் கட்சிக்காரர் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்து, "எக்ஸ்பார்ட்டி கேளுங்க சார், இதுதான் சமயம்" என்கிறார், அதாவது எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பு வாங்கச் சொல்கிறார். நான் நீதிபதியிடம் விஷயத்தைச் சொல்லி பாஸ் ஓவர் கேட்டேன், அதாவது வழக்கை அன்றைக்கே கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், விசாரணை நடந்தது. வெளியே வந்ததும் கட்சிக்காரர் கேட்டார்: "ஃபீஸ் கொடுத்தது நானா, அவரா?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு நான் சொன்ன பதில், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கினால் அவர்கள் ரத்து மனு போடுவார்கள், காரணம் சரியாக இருப்பதால் ரத்தும் ஆகும், நடுவில் வீணாகிற மாதங்களுக்கும் செலவுக்கும் நீங்கள்தான் பொறுப்பேற்க வேண்டும் என்பது. ஆனால் அது பாதி பதில். லாபமே இருந்திருந்தாலும் நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு நின்றால், நான் ஏமாற்றுவது எதிர்த்தரப்பை மட்டுமல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் நீதிபதியையும்தான்.

கட்சிக்காரருக்காக எதையும் செய்யலாம் என்று வாதிடுகிறவர்கள் வழக்கமாக ஹென்றி புரூம் என்ற பிரிட்டிஷ் வக்கீலைத் துணைக்கு அழைப்பார்கள். 1820இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் ராணி கரோலினுக்காக வாதாடியபோது, வக்கீலுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் தன் கட்சிக்காரர்தான், அவரைக் காப்பாற்றும்போது மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தாலும் பார்க்கக் கூடாது என்ற பொருளில் பேசினார். அவர் யாரைப் பார்த்து அதைச் சொன்னார் என்பதை மறந்துவிடுகிறோம். எதிரே இருந்தது அரசரும் அவருடைய அரசாங்கமும். நாட்டின் மொத்த அதிகாரமும் ஒரு பெண் மேல் திரும்பியிருந்த நேரத்தில் வந்த பேச்சு அது. அதை எடுத்துக்கொண்டு, அப்பா இறந்துபோன ஒரு வக்கீல் கேட்கிற ஒரு வார வாய்தாவை எதிர்ப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை.

அந்த வாய்தா விஷயத்துக்கு அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1908இல் வெளியிட்ட ஒழுக்க விதிகளிலேயே பதில் இருக்கிறது. 24ஆவது விதி. வழக்கின் அடிப்படையைப் பாதிக்காத, கட்சிக்காரரின் உரிமைக்குப் பெரிய கேடு வராத விஷயங்களில், உதாரணமாக எதிர்த்தரப்பு வக்கீல் துக்கத்தில் இருக்கும்போது அவரை விசாரணைக்கு இழுப்பதா வேண்டாமா என்பதில், முடிவு வக்கீலுடையது, கட்சிக்காரருடையது அல்ல. இங்கே ஒரு கோடு இருக்கிறது, அது முக்கியம். 1836இல் டேவிட் ஹாஃப்மன் என்ற அமெரிக்க வக்கீல் வகுத்த 50 தீர்மானங்களில் ஒன்று, நியாயமான கடனுக்கு எதிராகக் காலாவதி வாதத்தை, அதாவது வழக்குப் போடும் கெடு தாண்டிவிட்டது என்ற வாதத்தை, எழுப்ப மாட்டேன் என்கிறது. நல்ல மனதோடு எழுதியதுதான், ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. காலாவதி என்பது சட்டம் கட்சிக்காரருக்குக் கொடுத்த உரிமை, அதை விட்டுக்கொடுக்க நான் யார்? என் நடத்தை மட்டும்தான் எனக்குச் சொந்தம்.

அப்புறம் அந்தக் கத்தல். எதிர்த்தரப்பு வக்கீலையே எதிரியாக நினைத்துக்கொண்டு, அவர் வாயைத் திறந்தாலே பாய்வது, மனுவில் "பொய்யர்" என்று எழுதுவது, இளம் பெண் வக்கீல் எழுந்தால் "உங்க சீனியர் வரலையாம்மா?" என்று கேட்பது. வக்கீலைக் கட்சிக்காரரோடும் அவருடைய வழக்கோடும் சேர்த்து அடையாளப்படுத்தக் கூடாது என்று 1990இல் ஹவானா ஐ.நா. மாநாட்டில் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள் சொல்கின்றன. அரசாங்கங்களை மனதில் வைத்து எழுதியது அது, ஆனால் நமக்குள்ளேயே அதை மீறுகிறோம். கத்தலைப் பார்த்துக் கட்சிக்காரர் சந்தோஷப்படுவார், உண்மைதான். அதற்கப்புறம் ராஜி பேச யாரும் போன் எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

போன மாதம் என் ஜூனியர் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தீர்ப்போடு வந்தாள். எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துகிற மேல் நீதிமன்றத் தீர்ப்பு, எங்களுக்கு நேர் எதிரானது. எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. "காட்டியே ஆகணுமா சார்?" என்றாள். கட்சிக்காரர் சொன்ன ரகசியமாக இருந்தால் என் பதில் வேறு. இது சட்டம், எல்லோருக்கும் பொது, அதை மறைத்து நீதிபதியைத் தப்பான தீர்ப்பு எழுத வைக்க முடியாது. காட்டணும் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. பிறகு இருவரும் உட்கார்ந்து அதை வரி வரியாகப் படித்தோம், அந்த வழக்கின் சங்கதிகள் நம்முடையதிலிருந்து எங்கே விலகுகின்றன என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே.

மறுநாள் அவளையே வாதாடச் சொன்னேன். முதலில் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டினாள், எதிர்த்தரப்பு வக்கீல் அவசரமாக அதன் எண்ணைக் குறித்துக்கொண்டார். இது ஏன் நமக்குப் பொருந்தாது என்று இருபது நிமிடம் பேசினாள். நீதிபதி இரண்டு கேள்வி கேட்டார், ஏதோ எழுதிக்கொண்டார். தீர்ப்பை ஒத்திவைத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை.